உத்தபுரத்துச் சுவரும் ஊராட்சியின் கடமையும்: பேரையூர் வட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தைச் சேர்ந்த உத்தபுரத்தில், 1989 சாதி மோதலுக்குப் பின் எழுந்த ஏறத்தாழ 600 மீட்டர் நீளச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் இடித்துப் பாதை அமைத்தது. சுவர்மீது மின்கம்பி ஓடிய செய்தி அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியாகியிருந்தது. தொடர்ந்து நடந்தவை பலரும் அறிந்தவை. ஆதிக்க சாதியினர் ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் தங்கினர். அவ்வாண்டின் இறுதியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். 2011 அக்டோபரில் இருதரப்பு உடன்பாடு கையெழுத்தானது. நவம்பர் 10 அன்று தலித் மக்கள் முத்தாலம்மன் கோவிலுக்குள் சென்று வழிபட்டனர்.

இந்த இருபதாண்டு வரலாற்றில் ஆட்சியர், காவல்துறை, மார்க்சிஸ்ட் கட்சி, தீண்டாமை ஒழிப்பு முன்னணி, உயர்நீதிமன்றம் எல்லோரும் இருக்கிறார்கள். முடிவெடுக்கும் இடத்தில் ஊராட்சி மன்றம் மட்டும் தென்படவில்லை. இத்தனைக்கும் சண்டை எதைப் பற்றியது? பொதுப்பாதை, சாக்கடை, பேருந்து நிழற்குடை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 110-ஆம் பிரிவு, சாலை, வடிகால், தெருவிளக்கு, குடிநீர், மயானம் ஆகியவற்றைக் கிராம ஊராட்சியின் கடமையாகவே வைக்கிறது. அரசியல் சாசனத்தின் பதினோராம் அட்டவணையில் 27-ஆம் இனம், நலிந்த பிரிவினர், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலன். ஆக, உரிமை மறுக்கப்பட்ட பொருள்கள் ஊராட்சியின் பொறுப்பில் இருந்தன. மறுப்பைத் தீர்க்கும் அதிகாரம் வருவாய்த்துறையிடமும் காவல்துறையிடமும் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு இல்லை என்பதே உத்தபுரத்தின் நிர்வாகப் பாடம் என்பது என் வாதம்.

அந்த இடைவெளியை நடைமுறையில் நிரப்புவது வட்டாட்சியர் அலுவலகத்துச் சமாதானக் கூட்டம். இரு தரப்பிலும் சிலர் அழைக்கப்படுகிறார்கள். திருவிழா தேதி, ஊர்வலப் பாதை, ஆளுக்கொரு விட்டுக்கொடுப்பு என்று பேசி எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அன்றைய கலவரத்தைத் தவிர்க்க இது உதவுகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரசியல் சாசனத்தின் 17-ஆம் உறுப்பு ஒழித்துவிட்ட தீண்டாமை இங்கே பேரம்பேசும் பொருளாகத் திரும்பி வருகிறது. சுவரே 1989 உடன்பாட்டின் விளைவு என்றுதானே ஒரு தரப்பு கடைசிவரை வாதிட்டது. உரிமையை உடன்பாடாக எழுதினால், அடுத்த உடன்பாட்டில் அதை மாற்றி எழுதலாம் என்றாகிவிடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இந்தக் குறையைப் பாதிதான் தீர்க்கிறது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பொதுப்பாதை, நீர்நிலை, மயானம், வழிபாட்டிடம் ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைப் பணிசெய்யவிடாமல் தடுப்பதும் குற்றம். ஆனால் அரசு ஊழியரின் கடமை தவறுதலைத் தண்டிக்கும் 4-ஆம் பிரிவு விரித்துச் சொல்லும் கடமைகள், புகாரைப் பதிவது, வாக்குமூலம் வாங்குவது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது என்று காவல் நிலையத்தையே சுற்றுகின்றன. 2013-ஆம் ஆண்டு மனிதக் கழிவகற்றும் பணித் தடைச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அச்சட்டம் சுகாதாரமற்ற கழிப்பறைகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின் பெயர் சொல்லியே சுமத்துகிறது. பொதுப்பாதை மறிக்கப்பட்டிருக்கிறதா என்று கணக்கெடுக்கும் பொறுப்பை எந்தச் சட்டமும் ஊராட்சிக்கு அப்படிச் சுமத்தவில்லை.

உலக அளவில் இத்தகைய இடைவெளியை நிரப்ப உள்ளாட்சிகள் கூட்டணி அமைத்துள்ளன. யுனெஸ்கோ 2004-இல் முன்னெடுத்த இனவெறிக்கு எதிரான ஐரோப்பிய நகரங்களின் கூட்டணி பத்து அம்சச் செயல்திட்டத்தை ஏற்றது. தென்கொரியாவின் குவாங்ஜு 2011 முதல் மனித உரிமை நகரங்களின் உலக மன்றத்தைக் கூட்டிவருகிறது. உள்ளாட்சிகளுக்கும் மனித உரிமைப் பொறுப்பு உண்டு என்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஆலோசனைக் குழு 2015-இல் விரிவான அறிக்கை தந்தது. இவை அனைத்துக்கும் அடியில் ஒரு முன்முடிவு உண்டு: உள்ளாட்சிக்கு மனமிருக்கிறது, வழிமுறைதான் தேவை.

பேரையூருக்கு வடக்கே உசிலம்பட்டிப் பகுதி அந்த முன்முடிவைத் தலைகீழாக்குகிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. தேர்தல் நடந்தால் வென்றவர் உடனே பதவி விலக நேர்ந்தது. 2006 அக்டோபரில் ஆட்சியர் உதயசந்திரன் காலத்தில்தான் நிலைமை மாறியது. இந்த ஊர்களின் ஆதிக்கத் தரப்புகளுக்கிடையே ஒத்துழைப்புக்குக் குறைவே இல்லை. ஓர் ஊரில் விட்டுக்கொடுத்தால் அடுத்த ஊர் போய்விடும் என்ற கணக்கு, மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. மேலூர் வட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டதும் இதே காலம்தான். உள்ளாட்சிகள் கைகோப்பது தன்னளவில் நன்மையன்று. யார் யாரோடு, எதற்காக என்பதைக் கேட்டாக வேண்டும்.

இதனால் கூட்டுறவு வேண்டாம் என்று முடிவுகட்டுவதும் சரியன்று. உத்தபுரத்து மக்கள் கடைக்கும் பேருந்துக்கும் எழுமலை பேரூராட்சிக்குப் போகிறார்கள். ஊரில் தகராறு என்றால் ஊர்விலக்கம் பக்கத்து ஊர்களிலும் வேலையிழப்பாகத் தொடர இடமுண்டு. சாதியின் உறவு வலை ஊராட்சி எல்லையில் நிற்பதில்லை; பாதுகாப்பு மட்டும் அந்த எல்லைக்குள் எப்படி நிற்கும்?

இருக்கும் சட்டத்திலேயே ஒரு வாசல் உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 2013-இல் சேர்க்கப்பட்ட 17-அ விதி, உட்கோட்ட அளவில் விழிக்கண் குழுவை அமைக்கச் சொல்கிறது. கோட்ட நடுவர் தலைவர். வட்டாட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர், வட்டார வளர்ச்சி அலுவலர் ஆகியோரோடு, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சி அமைப்புகளின் உறுப்பினர்களும் இதில் இடம்பெறுகிறார்கள். மாவட்டக் குழுவில் இல்லாத உள்ளாட்சி இங்கே வந்துவிட்டது. பேரையூர் வட்டம் உசிலம்பட்டி வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே பாப்பாபட்டியும் உத்தபுரமும் ஒரே குழுவின் பார்வைக்குள் அடங்குகின்றன. பேரையூர், எழுமலை, தே.கல்லுப்பட்டி பேரூராட்சிகளையும் சேடபட்டி, தே.கல்லுப்பட்டி ஒன்றியங்களையும் இக்குழுவின் முன் அழைத்து, ஒவ்வோர் ஊரின் பொதுப்பாதை, நிழற்குடை, மயானம், ஊருணி ஆகியவற்றை யார் பயன்படுத்துகிறார்கள், யார் பயன்படுத்துவதில்லை என்று பதிவேடு எழுதச் சொல்லலாம். கிராம சபையில் அதைப் படிக்கவும் செய்யலாம். புகார் வரும்வரை காத்திராத ஆவணம் அது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. பதிவேடு எழுதுபவர் ஊராட்சிச் செயலர். அவரும் அதே ஊர்க்காரராக இருக்கக்கூடும். அப்படியானால் எல்லாப் பாதையும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்றே பதிவேடு சொல்லும். கூட்டமைப்பின் தேவை இங்கேதான் தெரிகிறது. எழுமலையின் பதிவேட்டைப் பேரையூரும், சேடபட்டியினதைக் கல்லுப்பட்டியும் சரிபார்த்தால், ஊர்முகத்துக்கு அஞ்ச வேண்டிய தேவை ஓரளவு குறையும். நிதியை நிறுத்தித் தண்டிக்கலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஊராட்சியின் நிதி நின்றால் முதலில் விளக்கணைவது காலனித் தெருவில்தான். ஊராட்சி செய்ய மறுத்த வேலையை ஒன்றியம் ஏற்றுச் செய்வதே பொருத்தம்.

மற்றொரு தடை அரசியல் சார்ந்தது. 2016 அக்டோபர் முதல் 2020 ஜனவரி வரை தமிழ்நாட்டு ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2025 ஜனவரி 5-உடன் மதுரை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் மீண்டும் முடிந்து, தனி அலுவலர்களே வந்தார்கள். 17-அ விதி கேட்கும் ஊராட்சி உறுப்பினர் என்று யாருமே இல்லாத காலத்தில், அந்தக் குழு மறுபடியும் அதிகாரிகளின் கூட்டமாகிறது. பாப்பாபட்டியில் தேர்தலைத் தடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். தனி அலுவலர் காலங்களில் தேர்தலை நடத்தாமல் விட்டது அரசு. முன்னதைக் குற்றமாகக் காணச் சட்டம் கற்றுக்கொண்டது. பின்னதை எந்தப் பெயரில் அழைப்பது என்று எந்தக் குழுவின் நிகழ்ச்சி நிரலிலும் கேள்வி இல்லை.