வராத மாணவனின் அறை

கல்விக்கூடம் ஒன்றின் சிறப்பை அதன் மாடங்களைக் கொண்டு மதிப்பிடுவோர் உளர். அங்கே பயின்று பெரும்பதவி எய்தியோரின் பெயர்களை எண்ணிக் காட்டுவோரும் உளர். வராத மாணவனை அக்கல்விக்கூடம் எவ்வாறு நடத்துகிறது என்று நோக்குவது மற்றொரு வழி. வந்து முன்னே அமர்ந்திருப்பவனிடம் அன்பு காட்டுவது எந்த ஆசிரியருக்கும் எளிது. வராதவனின் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்னும் வேளையில்தான் ஒரு நிறுவனத்தின் நீதியுணர்வு வெளிப்படுகிறது. வருகைக் குறைவு, தேர்ச்சிக் குறைவு, விடுப்பு, நீக்கம் ஆகியவை பற்றி இன்றைய பல்கலைக்கழகங்கள் பக்கம் பக்கமாக விதிகள் வகுத்துள்ளன. இவை நம் காலத்தில் பிறந்த கேள்விகள் அல்ல. நம் முன்னோர் இவற்றை எதிர்கொண்ட விதத்தை ஈண்டு காண்போம்.

மதரஸாக்கள் தோன்றுவதற்கு முன்பு பள்ளிவாசல் தூணருகே ஆசிரியர் அமர்வார். மாணவர் வட்டமாகச் சூழ்ந்திருப்பர். அங்கே பதிவேடு இல்லை. ஆயினும் யார் வரவில்லை என்பதை ஆசிரியரின் கண் அறியும். கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடவட்டத்திற்கு ஓர் ஏழைச் சிறுவர் வந்துகொண்டிருந்தார். பிழைப்புக்கு வழி தேடுமாறு தந்தை கூறவே, அவர் வரவு குறைந்தது. சில நாள் கழித்து வந்தவரை, வராத காரணம் என்னவென்று இமாம் வினவினார்கள். காரணம் தெரிந்ததும், பாடம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், நூறு திர்ஹம் கொண்ட பையொன்றை அவரிடம் கொடுத்து, பாடத்தை விடவேண்டாம், பணம் தீர்ந்ததும் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். இவ்வாறு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அச்சிறுவரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் தலைமைக் காஜியாக விளங்கி, ஹிஜ்ரி 182 (கி.பி. 798)இல் மறைந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஆவார்.

காலம் மாறிற்று. ஹிஜ்ரி 459 (கி.பி. 1067)இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிஜாமிய்யா மதரஸாவைத் திறந்தார். ஹிஜ்ரி 631 (கி.பி. 1234)இல் கலீஃபா முஸ்தன்ஸிர், திஜ்லா நதிக்கரையில் முஸ்தன்ஸிரிய்யாவைத் திறந்தார். நான்கு மத்ஹபுகளுக்கும் அங்கே இடமிருந்தது. ஒவ்வொன்றுக்கும் 62 மாணவர் என வகுக்கப்பட்டிருந்தது. தங்கும் அறையும் உணவும் உதவித்தொகையும் வக்ஃபு வருவாயிலிருந்து வந்தன. வக்ஃபுப் பொருள் அமானிதம் அல்லவா? அதை உண்பவர் உரிய பணியைச் செய்தாரா என்று கேட்கும் கடமை பிறந்தது. இடங்களோ எண்ணி வைக்கப்பட்டவை. ஒருவர் வராமலே ஓர் அறையை அடைத்துக்கொண்டிருப்பின், வாசலில் நிற்கும் மற்றொருவருக்கு அது அநீதி. இங்ஙனம் தோன்றியதே விடுப்பும் நீக்கமும் பற்றிய சட்டம்.

ஹனஃபி மத்ஹபின் நூல்களில் இச்சட்டம் தெளிவாகக் காணப்படுகிறது. ஹிஜ்ரி 827 (கி.பி. 1424)இல் மறைந்த அல்பஸ்ஸாஸீ அவர்களின் ஃபத்வாத் தொகுப்பில் அது இடம்பெற்றது. எகிப்தின் இப்னு நுஜைம் (மறைவு ஹி. 970 / கி.பி. 1563) அதை எடுத்தாண்டார். திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (மறைவு ஹி. 1252 / கி.பி. 1836) தமது 'ரத்துல் முஹ்தார்' நூலில் அதை வகைப்படுத்தி விளக்கினார். அதன் சாரம் வருமாறு:

மாணவன் ஊரைவிட்டுப் பயணத் தொலைவுக்குச் சென்று திரும்பினால், சென்ற நாள்களுக்குரிய உதவித்தொகையைக் கேட்க இயலாது. பயணத் தொலைவுக்கு உட்பட்ட நாட்டுப்புறத்திற்குச் சென்று பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்கினால், சென்ற காரணம் பார்க்கப்படும். உல்லாசமாகப் பொழுது போக்கச் சென்றானெனில் அத்தொகை இல்லை. வயிற்றுப் பாட்டுக்கு வழி தேடிச் சென்றானெனில் அது மன்னிக்கப்படும். அவனுடைய அறையும் உதவித்தொகையும் அவனுக்காகக் காத்திருக்கும். வேறெவரும் அவற்றை எடுத்துக்கொள்ளலாகாது. இந்தக் காத்திருப்புக்கு எல்லை மூன்று மாதம். அதற்கு மேல் போனால், தக்க காரணம் இருப்பினும் மற்றொருவர் அவ்விடத்தைப் பெறலாம்.

ஊரிலேயே இருந்துகொண்டு பாடத்திற்கு வராதவன் நிலை என்ன? மார்க்கக் கல்வி நூல்களைப் படியெடுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தால் அவனுக்கு மன்னிப்புண்டு. அச்சுப்பொறி இல்லாத அந்நாளில் அப்பணியும் கல்வித் தொண்டே. வேறு அலுவல் பார்த்துக்கொண்டிருந்தால் அவனை நீக்கலாம். கடமையான ஹஜ்ஜுக்குச் சென்றவனுக்கும், உறவினரைக் கண்டு வரச் சென்றவனுக்கும் தனிச் சலுகை உண்டு. அந்நாள்களுக்கு உதவித்தொகை இல்லை, நீக்கமும் இல்லை.

இவ்விதியைச் சற்று ஊன்றி நோக்குவோம். தொகை வேறு, இடம் வேறு என்று அச்சட்ட மேதைகள் பிரித்தனர். தொகை, செய்த பணியைப் பொறுத்தது. பணியில்லையேல் அதுவும் இல்லை. இடமோ மாணவனின் எதிர்காலம். தொகை நின்றுபோனவன் சில நாள் பட்டினி கிடந்தேனும் படித்துவிடுவான். இடம் போனவன் எங்கே படிப்பான்? ஆகவேதான் தொகையை எளிதில் நிறுத்திய அவர்கள், இடத்தைப் பறிப்பதில் அவ்வளவு தயங்கினர். பசியையும் பொழுதுபோக்கையும் ஒரே கோலால் அளக்கவுமில்லை. அதேவேளை, இரக்கத்தின் பெயரால் அறையை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கவுமில்லை. வாசலில் காத்திருப்பவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

இச்சிறு விதியிலிருந்து இப்னு நுஜைம் ஒரு பெரும் சட்டத்தைத் தேற்றினார். குற்றமும் தகுதியின்மையும் இன்றி, வக்ஃபில் எந்தப் பணியில் உள்ளவரையும் நீக்கலாகாது என்பதே அது. அதற்கு அவர் காட்டிய சான்று நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. மூன்று மாதம் வரை வராதிருக்கும் மாணவனின் அறையையே பறிக்கக் கூடாதென்றால், நாள்தோறும் வந்து கடமையாற்றுபவரை எங்ஙனம் நீக்க இயலும் என்பது அவரது வாதம். ஏழை மாணவன் ஒருவனின் சிற்றறைக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஆசிரியருக்கும் இமாமுக்கும் அரணாக நின்றது.

தேர்ச்சியில் பின்தங்கியவனுக்கும் அக்காலம் ஒரு வழி கண்டிருந்தது. பெரிய மதரஸாக்களில் ஆசிரியருக்கு அடுத்து 'முஈத்' என்பவர் இருந்தார். ஹிஜ்ரி 733 (கி.பி. 1333)இல் மறைந்த தலைமைக் காஜி பத்ருத்தீன் இப்னு ஜமாஆ, கற்போர், கற்பிப்போர் ஒழுக்கம் பற்றிய தம் நூலில் அவருடைய கடமைகளைக் கூறுகிறார். மாணவருக்கு விளங்காத பகுதிகளை முஈத் மீண்டும் எடுத்துரைக்க வேண்டும். மனனம் செய்தவற்றைக் கேட்டறிய வேண்டும். முன்னேறுவான் என்று நம்பத்தக்கவன் யார் என்பதை ஆசிரியருக்கோ வக்ஃபின் பொறுப்பாளருக்கோ அறிவிக்க வேண்டும். எதற்காக? அவனுக்கு உதவியைக் கூட்டிக் கொடுத்து, அவன் உள்ளத்தை மலரச் செய்வதற்காக!

விடுப்பு மாணவனுக்கு மட்டும் உரியதன்று. நிஜாமிய்யாவின் ஆசிரியர் பதவியை ஹிஜ்ரி 484 (கி.பி. 1091)இல் ஏற்ற இமாம் கஸ்ஸாலி (ரஹ்), 488 (கி.பி. 1095)இல் பெரும் உள்ளப் போராட்டத்துக்கு ஆளானார்கள். நா எழவில்லை, பாடம் நடத்த இயலவில்லை. தம் தம்பி அஹ்மதைப் பதிலாளாக அமர்த்திவிட்டு அவர்கள் பக்தாதை நீங்கினார்கள். ஏறத்தாழப் பதினோராண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 499 (கி.பி. 1106)இல் நைஸாபூரின் நிஜாமிய்யாவில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள். விலகிச் சென்றவருக்குக் கல்வியுலகம் கதவடைக்கவில்லை.

இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண் சராசரி குறைந்த மாணவனைத் தகுதிகாண் பருவத்தில் வைக்கின்றனர். அதிலும் தேறாவிடின் இடைநிறுத்தம், பின்னர் நீக்கம். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நூற்றுக்கு 75 வருகை இல்லாதவன் தேர்வெழுத இயலாது. ஒழுங்கு வேண்டுமென்பதில் நமக்கு மறுப்பில்லை. மூன்று மாத எல்லையை வகுத்த நம் முன்னோரும் ஒழுங்கை விரும்பியவர்களே. ஆனால் 74 என்னும் எண், தந்தையை இழந்தவனையும் ஊர் சுற்றியவனையும் வேறுபடுத்திக் காட்டாது. அதைக் காண்பதற்கு மனிதக் கண் வேண்டும்.

மதரஸாக்களையும் கல்லூரிகளையும் நடத்துவோர் நம் சமுதாயத்திலும் பலர் உளர். அவர்களிடம் நாம் வேண்டுவது இதுவே: ஒரு மாணவனின் பெயரை அடிக்கும் முன்னர், அவன் ஏன் வரவில்லை என்று ஆளனுப்பிக் கேளுங்கள். கேட்ட பிறகும் அடிக்க நேரிடலாம். அது நீதியாகவும் இருக்கலாம். கேளாமல் அடிக்கப்படும் பெயர்களுள் ஓர் அபூயூசுஃப் இருந்திருந்தால், அந்த இழப்பை எந்தப் பதிவேடு நமக்குக் காட்டும்?