ஏதிலியரும் பிறப்புச் சான்றிதழும்

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிப்புரத்தை நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் இன்று பலர் அறிவர். அவ்வூருக்கு மேற்கே மலை; மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறியவர்கள் திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் இறங்கி வந்துவிடலாம். எந்த நாட்டவர் என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. பழைய மதுரை மாவட்டம் உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததியிடம் அந்தக் கேள்வி பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் சட்டப்படி ஏறத்தாழ 8.25 லட்சம் பேர் விண்ணப்பித்தும் சுமார் 1.34 லட்சம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. இடைவிடாத குடியிருப்பை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டியிருந்ததே காரணம். எழுத்தறியாத தோட்டத் தொழிலாளி எந்த ஆவணத்தைச் சேர்த்து வைத்திருப்பான்? 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அப்படிப் பங்கிடப்பட்டு வந்தவர்கள் கடவுச்சீட்டோடும் குடும்ப அட்டையோடும் வந்தார்கள்.

1983 ஜூலைக்குப் பின் படகேறி வந்தவர்களின் நிலை வேறு. வீடு எரிந்தபோது பெட்டியும் எரிந்தது; எரியாததைக் கடல் நனைத்தது. முகாம்களில் திருமணங்கள் நடந்தன, குழந்தைகள் பிறந்தன. அக்குழந்தைகள் இலங்கைக் குடிமக்களுக்குப் பிறந்தவர்கள்தாமே, நாடு திரும்பினால் குடிமக்கள்தாமே என்று நாம் நினைப்போம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும். தாமதமானால் தனி அனுமதியும் கட்டணமும் வேண்டும். 2003 வரை தந்தையின் வழியாக மட்டுமே இவ்வுரிமை வந்தது. போரில் கணவனைப் பறிகொடுத்து வந்த பெண், தன் பிள்ளைக்கு நாடு கேட்க இறந்தவனின் சான்றிதழைத் தேடவேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. எந்த அரசுக்கு அஞ்சிப் படகேறினார்களோ, அதே அரசின் சென்னைத் துணைத் தூதரகத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் பணி முக்கியமாகிறது. தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய அமைப்பு அது. அதன் பணியாளர்களில் பெரும்பாலோர் ஏதிலியரே. முகாம் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணப் பதிவு, துணைத் தூதரகத்தில் குடியுரிமைப் பதிவு என்று படிப்படியாகத் தாள்களைச் சேர்த்துத் தந்தார்கள். முகாம் கோயிலில் தாலி கட்டியவர்களுக்குப் பதிவுச் சான்று ஏது? தமிழகத்துச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், இலங்கைச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல். ஈழ வரலாறு எழுதுவோர் போர்க்களங்களுக்குக் கொடுத்த பக்கங்களில் ஒன்றிரண்டையாவது இந்த எழுத்தர் வேலைக்குக் கொடுத்திருக்கலாம்.

முகாம்களில் இருந்த மலையகத் தமிழருக்குப் பதிவதற்கே வழி இல்லாதிருந்தது. இலங்கை 2003இல் இயற்றிய சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை அளித்தது. உயிருக்கு அஞ்சி இந்தியா வந்தவர்கள் ‘நிரந்தரமாக வசிப்பவர்’ என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. 2009இல் சட்டத்தைத் திருத்திய பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. ஆனால் அவர்களில் பலர் திரும்பிப் போவதை விரும்பவில்லை. தாத்தாவின் ஊருக்கு வந்துவிட்டவர்களை எங்கே திரும்பச் சொல்வது? இந்தியக் குடியுரிமை கோரிய 65 மலையகத் தமிழரின் மனுக்களைப் பரிசீலிக்குமாறு மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2019 ஜூனில் உத்தரவிட்டது.

தாள் சேர்த்துத் திரும்பியவர்களுக்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உரிய ஆவணங்களோடு நாடு திரும்பிய முதியவர் ஒருவர், முன்னொரு காலத்தில் சட்டப்படி வெளியேறவில்லை என்பதற்காக 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அதையடுத்து ஐ.நா. அகதிகள் ஆணையம் திரும்புவோருக்கான உதவியைத் தற்காலிகமாக நிறுத்தியது.

பிறப்புச் சான்றிதழின் இன்னொரு பயன் 2022இல் தெரியவந்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தியக் கடவுச்சீட்டு கேட்டு அதே மதுரைக் கிளையை நாடினார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்கிறது இந்தியச் சட்டம். நீதிமன்றம் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். இலங்கைக்குத் திரும்புவதற்கென்று சேர்க்கப்பட்ட அதே வகைத் தாள் இங்கே ஒருவரை இந்தியராக்கியது. 1987 ஜூலைக்குப் பின் அதே முகாமில், ஏதிலியரான பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் புகலடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு 2025ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத் தண்டனைகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. குடியுரிமை பற்றி அந்த ஆணை எதுவும் சொல்லவில்லை.