செவிலியர் குறிப்பேடு முதல் கணினித் திரை வரை

மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் டாக்டர். ஆனால் நோயாளியின் அருகில் இரவு பகலாக இருப்பவர் நர்ஸ். அவர் கண்டதும் கேட்டதும் எழுதி வைத்ததும் பிறகு எங்கே போகின்றன? இந்தக் கேள்வியைச் சுற்றி வளர்ந்த துறைகளில் ஒன்றுதான் ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ் எனப்படும் நலவாழ்வுத் தகவலியல். தில்லியில், செவிலியர் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களுக்குச் சில ஆண்டுகளாக இப்பாடத்தைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஏதோ கம்ப்யூட்டர் கிளாஸ் என்று நினைத்து வருபவர்களே அதிகம். நான் சரித்திரத்திலிருந்து ஆரம்பிப்பது வழக்கம்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் 'கைவிளக்கு ஏந்திய காரிகை' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் கையில் விளக்கோடு கணக்கும் இருந்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1854-ல் கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி மருத்துவமனைக்குப் போனவர், திரும்பி வந்தபின் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞருடன் அமர்ந்து மரணக் கணக்குகளை அலசினார். குண்டடி பட்டு இறந்தவர்களைக் காட்டிலும், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிக அதிகம் என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அதை வண்ண வரைபடமாக வரைந்து 1858-ல் ஆட்சியாளர்கள் முன் வைத்தார். மருத்துவமனைக்கு மருத்துவமனை பதிவேடு வேறுபட்டால் எதையும் ஒப்பிட முடியாது என்று கண்டு, எல்லோருக்கும் பொதுவான படிவங்களையும் வகுத்தார். லண்டனில் 1860-ல் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் அவை விவாதிக்கப்பட்டன.

இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்விப் படிவங்கள் அனுப்பி விவரம் சேகரித்தார். 1863-ல் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கை, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்து வந்ததைக் காட்டியது. சுத்தமான குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் வேண்டும் என்ற வாதத்துக்கு அந்த எண்ணே பலம் சேர்த்தது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். 1950களின் பிற்பகுதியிலேயே செவிலியர் பணிக்குக் கணினி எப்படி உதவும் என்று யோசித்தவர் ஹாரியட் வெர்லி. டாக்டர் செய்த சிகிச்சை பதிவாகிறது, மருந்து பதிவாகிறது, பில் பதிவாகிறது. நர்ஸ் செய்த வேலை மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதே அவர் கவலை. 1985-ல் ஒரு மாநாடு கூட்டி, செவிலியர் பணிக்கான குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் 16 விவரங்கள். நான்கு செவிலியர் பணிக்கே உரியவை. நர்ஸ் கண்டறிந்த பிரச்சினை, செய்த பணி, கிடைத்த பலன், பணியின் தீவிரம் ஆகியவையே அவை. 1989-ல் கிரேவ்ஸ், கார்க்கரன் என்ற இருவர், தரவு தகவலாகி, தகவல் அறிவாகும் வழியை ஆராய்வதே இத்துறை என்று வரையறுத்தனர். 1992-ல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. 2006-ல் அங்கே செவிலியர் முனைவர் படிப்புக்கு வகுத்த எட்டு அடிப்படைகளில் நான்காவது, தகவல் தொழில்நுட்பம்.

நம் நாட்டில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-ல் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. முதுகலை 1959-ல் தில்லியில் வந்தது. முனைவர் ஆய்வுக்கான தேசியக் கூட்டமைப்பை இந்திய நர்சிங் கவுன்சில் 2000களின் நடுவில் அமைத்தது. 2021-ல் திருத்தப்பட்ட பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் தகவலியலும் ஒரு பாடம். அதே ஆண்டு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டமும் நாடு முழுவதும் வந்து, 14 இலக்க 'ஆபா' எண் நம் கைக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டார். தமிழ்நாட்டுக் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரின் மகள் அவர். "எங்கம்மா பகல்ல வீடு வீடா அலைவாங்க, ராத்திரி உக்காந்து ரிஜிஸ்டர் எழுதுவாங்க. கம்ப்யூட்டர் வந்ததும் ரிஜிஸ்டரும் எழுதணும், அதுலயும் ஏத்தணும்னு ஆச்சு. இதுல நர்ஸுக்கு என்ன லாபம், மேடம்?"

நியாயமான கேள்வி. மேலே உள்ளவர்களுக்கு அனுப்புவதற்காக மட்டும் தரவு ஏற்றினால் அது கூடுதல் சுமைதான். ஏற்றியவருக்கே அது திரும்பி வந்து, "இந்தக் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, இன்றே போய்ப் பாருங்கள்" என்று சொன்னால்தான் தகவல். அப்படித் திரும்பி வரும்படி அமைப்பை வடிவமைப்பது யார்? பெரும்பாலும் வார்டில் ஒரு ராத்திரிகூட விழித்திராத மென்பொருள் நிபுணர்கள். அந்த மேஜையில் ஆய்வுத் தகுதியோடு நர்ஸும் உட்கார வேண்டும். முனைவர் மாணவிகளுக்கு நான் இப்பாடம் நடத்துவது அதற்காகத்தான்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. மதுரையிலிருந்து அப்பாவைச் சிகிச்சைக்காகத் தில்லிக்கு அழைத்து வருகிறோம். மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட். வலி எப்படியிருக்கிறது என்று கேட்டால் அவர் "குடையுது" என்பார், "கடுக்குது" என்பார், "சுருக்குனு குத்துது" என்பார். மூன்றும் மூன்று விதமான வலி. திரையில் இருப்பதோ பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் அளவுகோல். 'ஏழு' என்று தட்டினால் அந்த வித்தியாசம் போய்விடும். நோய்ச் சொற்களுக்கான ஸ்னோமெட் சி.டி. என்ற உலகத் தர அமைப்பில் 2014-லிருந்து இந்தியா உறுப்பினர். ஆனாலும், நம் ஊர்ப் பெரியவர் சொன்ன சொல்லைக் கேட்டு, அதற்குச் சரியான குறியீட்டைத் தேர்ந்தெடுக்க, பக்கத்தில் நிற்கும் ஒரு மனுஷிதான் வேண்டும். அந்த மாணவியின் ஆய்வுத் தலைப்பே இப்போது தமிழ் நோயாளிகளின் வலிச் சொற்கள்!

நர்ஸ் வேலையை ஊசி போடும் வேலையாக மட்டும் நம் வீடுகளில் இன்னும் சிலர் எண்ணுகிறார்கள். எண்ணை ஆயுதமாக்கி உயிர் காத்தவரிடமிருந்து தொடங்கிய பரம்பரை இது. பிள்ளைகள் இத்துறையில் முனைவர் படிப்புக்குப் போக விரும்பினால் தடுக்க வேண்டாம். நம் வலி நம் சொல்லிலேயே பதிவாக அவர்களும் தேவைப்படுகிறார்கள்.