ஏலமும் ஏடும்: கீழைக்கரைக் கலைப்பொருள்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் கடந்த காலத்தை அறிய முற்படுவோர்க்கு இருவகைச் சான்றுகள் துணைபுரிகின்றன. ஒன்று, அச்சமுதாயம் ஆக்கிப் பயன்படுத்திய பொருள். மற்றையது, அப்பொருளைப் பற்றி எஞ்சியிருக்கும் சொல். இவ்விரண்டும் ஒருங்கே கிடைத்தல் அரிது. பொருள் அழிந்து சொல் மாத்திரம் எஞ்சுவதும், சொல் அழிந்து பொருள் மாத்திரம் எஞ்சுவதும் வரலாற்றிற் பெருவழக்கு. முதல்வகை இழப்பை ஓரளவு ஈடுசெய்யலாம் என்பதற்கு மட்டக்களப்பைச் சேர்ந்த கல்லடி சான்று பகர்கின்றது. இரண்டாம் வகை இழப்பு எத்துணைக் கொடியது என்பதற்குப் பழங்கலைப் பொருள்கள் ஏலத்தில் விற்கப்பட்ட வரலாறு சான்றாகின்றது.

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது கல்லடி. அதன் உப்போடைப் பகுதியில் 1929ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலானந்தர் அவ்வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். அவர்தம் பேருழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. பழந்தமிழர் மீட்டிய யாழ்களுள் ஒன்றேனும் எக்காட்சிச்சாலையிலும் இல்லை; மரமும் நரம்பும் மண்ணோடு மண்ணாயின. எனினும், சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் யாழின் உறுப்புகளையும் நரம்புகளையும் பண்களையும் சொல்லிவைத்திருந்தன. அச்சொற்களைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தே அடிகளார் யாழுக்கு மீண்டும் வடிவம் கொடுத்தார். பொருள் அழிந்தும் ஏடு எஞ்சியமையால் இம்மீட்பு இயல்வதாயிற்று. ஏடு அழிந்து யாழ் மாத்திரம் எஞ்சியிருப்பின், அது பெயரறியாத ஒரு மரக்கருவியாகவே கண்ணாடிப் பேழைக்குள் இருந்திருக்கும்.

இனி, ஏலம் என்னும் முறைமையை நோக்குவோம். தமிழில் வழங்கும் ‘ஏலம்’ என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததென்பர். சிங்களத்தில் வழங்கும் ‘வெந்தேசிய’ என்பதோ ஒல்லாந்தச் சொல்லின் திரிபாகும். இலங்கையின் இரு மொழிகளும் இச்சொல்லை இருவேறு ஐரோப்பியரிடம் கடன்கொண்டமை, இவ்விற்பனை முறை எவ்வழியாக இங்கு வேரூன்றியது என்பதைக் காட்டுகின்றது. பின்னர் அது நம்மவர் வாழ்விலும் கலந்தது. கோயிற் றிருவிழாக்களில் மடைப்பொருள்களை ஏலங்கூறி விற்பது ஈழத்துத் தமிழர் நன்கறிந்த வழக்கம். அங்கு ஒரு மாம்பழம் சந்தை விலையினும் பன்மடங்கு கூடிய விலைக்குப் போகின்றதெனில், அது இன்ன கோயிலில் இன்ன தெய்வத்தின் திருமுன் வைக்கப்பட்டது என்னும் தொடர்பே அதற்குக் காரணமாகும். கலைப்பொருளேலத்தில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மறுதலையானது. பொருள் தன் ஊரையும் கோயிலையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்து, விற்பனைப் பட்டியலில் ஓர் எண்ணாக மாறிய பின்னரே அங்கு விலை கூறப்படுகின்றது.

இலங்கை வரலாற்றில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 1820ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த ஏலமாகும். கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1815இல் ஆங்கிலேயரால் அரசிழந்து, மறுவருடம் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். தென்னிந்திய நாயக்கர் மரபினனான அம்மன்னன் 1832இல் அங்கேயே இறந்தான். அவன் உயிரோடிருந்த காலத்திலேயே, 1820 ஜூன் மாதத்தில், கண்டியரசனின் அரச அணிகலன்கள் என அச்சிட்ட பட்டியலுடன் மணிகள் இழைத்த ஆபரணங்கள் இலண்டன் மாநகரிற் பகிரங்கமாக ஏலமிடப்பட்டன. ஏலங் கேட்டோர்க்கு அவை பொன்னும் மணியுமே. அவற்றை எவ்வினைஞர் எப்பட்டறையிற் செய்தனர், எவ்விழாவில் அரசன் அவற்றை அணிந்தான் என்பன அவர்தம் நோக்கிற்கு உரியனவல்ல.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது கண்டியரசரின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதருமசூரியனுக்கு அளித்த இவ்வாசனமும் ஆங்கிலேயராற் கொண்டுசெல்லப்பட்டதே. ஆயின், அது ஏலத்திற் சிதறாது ஆங்கில அரசரின் வின்ட்சர் அரண்மனையில் ஒரே இடத்தில் இருந்தது. யார் யாருக்கு எப்போது கொடுத்தது என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே 1934இல் அது இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையிற் காணப்படுகின்றது. ஒரே அரசின் உடைமைகளாயிருந்தும், ஒருவகை விற்பனைக்குட்பட்டது. மற்றையது பெயரோடு நிலைத்து மீண்டது.

கீழைக்கரைக்கு நேரடியாகத் தொடர்புடைய பொருளொன்றும் இதே காலத்தில் வெளியேறியது. 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்தவர் றொபேட் பிறவுண்றிக். கண்டியைக் கைப்பற்றியவரும் அவரே. அவர் வழியாகக் கிடைத்த தாரா தேவியின் திருவுருவம் 1830ஆம் ஆண்டு பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது. வெண்கலத்தில் வார்க்கப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்ட இவ்வுருவம் ஏறத்தாழ 143 சென்றிமீற்றர் உயரமுடையது. எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது. கலையழகினால் உலகெங்கும் அறியப்பட்ட இவ்வுருவம் எங்கே கண்டெடுக்கப்பட்டது என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடை யாது? திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் என்பதே. அவ்விடைவெளியோ நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது. எவ்வூர், எவ்வழிபாட்டிடம், உடன் வேறு யாவை கிடைத்தன என்பன பதியப்படவில்லை.

இவ்விழப்பின் அளவை உணர்தற்குத் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாயை நினைத்தல் வேண்டும். அங்குள்ள பாறையிற் பல்லவ கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்ட சாசனம் வணிகர் குழுக்களைப் பற்றிக் கூறுகின்றது. பாறை பெயரவில்லை, ஆதலால் சாசனம், வழிபாட்டிடம், கடற்றுறை ஆகிய மூன்றையும் இணைத்து, வங்கக் கடல் வாணிகத்தையும் மகாயான வழிபாட்டையும் பற்றி வரலாற்றாசிரியர் பேசமுடிகின்றது. தாராவின் திருவுருவமும் தன் இடத்தோடு அறியப்பட்டிருப்பின், மட்டக்களப்புக் கரையின் பண்டைய வரலாற்றில் இருண்டு கிடக்கும் பகுதியொன்று விளக்கம் பெற்றிருக்கக்கூடும்.

இவ்வாறு கூறுவதனாற் கலைப்பொருள் சேகரிப்போர் யாவரும் பழிக்கத்தக்கவர் என்பது பொருளன்று. பல ஓவியங்களும் மட்பாண்டங்களும் கைவினைப் பொருள்களும், யாரோ ஒருவர் விலைகொடுத்து வாங்கிப் பேணியமையாலேயே இன்று எஞ்சியுள்ளன. சேகரிப்பவர் பொருளை மாத்திரம் சேகரித்தாரா, பொருளோடு அதன் சொல்லையும் சேகரித்தாரா என்பதே வினா. இவ்வகையில் ஆனந்த குமாரசுவாமியின் வாழ்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஈழத்துத் தமிழர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய் 1877இற் கொழும்பிற் பிறந்த இவர், இலங்கையில் நிலவளவியல் ஆய்வுப் பணியில் ஊரூராகச் சென்றபோது மலைநாட்டுக் கைவினைஞரோடு பழகினார். குயவர், கம்மாளர், ஓவியர், நெசவாளர் ஆகியோரின் தொழில்முறைகளையும் கருவிகளையும் கலைச்சொற்களையும் கேட்டெழுதினார். அவருடைய துணைவியார் எதெல் புகைப்படங்கள் எடுத்தார். இவற்றின் பயனாக 1908இல் வெளிவந்ததே மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல். அதன்பின் அவர் வட இந்தியாவிற் சேகரித்த இராசபுத்திர ஓவியங்களைக் கொண்டு காசியில் ஒரு காட்சிச்சாலை அமைக்க விரும்பினார். அம்முயற்சி கைகூடவில்லை. 1917இல் அத்தொகுதி அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையை அடைந்தது. அவரும் அங்கு சென்று, 1947இல் மறையும்வரை பணியாற்றினார்.

இங்கு ஒரு முரண்பாடு புலனாகின்றது. கீழைநாட்டுக் கலைகள் தம் மண்ணில் வாழவேண்டும் என வற்புறுத்திய ஒருவரின் சேகரிப்பே கடல் கடந்து சென்றது. எனினும், அவ்வோவியங்கள் பெயரும் மரபும் இழந்து சென்றனவல்ல. அவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் உடன் நின்றன. இலங்கைக் கைவினைஞரைப் பற்றிய நூலோ, அவர்தம் ஆக்கங்கள் பல மறைந்த பின்னரும் அத்தொழில்களை அறிவதற்கு அடிப்படையாக விளங்குகின்றது. விபுலானந்தரும் குமாரசுவாமியும் ஒரே ஆண்டில் மறைந்தனர். ஒருவர் சொல்லிலிருந்து பொருளை மீட்டார். மற்றவர் பொருளுக்குச் சொல்லைத் தேடிவைத்தார்.

பதிவு ஒன்று இருப்பின், ஏலத்திற் போன பொருளையும் நியாயத்தோடு மீளக் கேட்கலாம் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் உள. கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராசப் பெருமாள் கோயிலுக்குரிய திருமங்கையாழ்வாரின் வெண்கலத் திருமேனியை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் காட்சிச்சாலை 1967இல் இலண்டன் சதபீஸ் ஏலத்தில் வாங்கியது. அத்திருமேனி 1957இற் கோயிலில் இருந்தமையைக் காட்டும் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேமிப்பிற் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அப்படமே சாட்சியாயிற்று. 2024இல் திருமேனியைத் திருப்பியளிக்கப் பல்கலைக்கழகம் இணங்கியது. வட இந்தியாவின் பிப்ரவாவில் 1898இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, புத்தர் தாதுக்களோடு புதைக்கப்பட்டிருந்த மணிகள் 2025 மே மாதத்தில் ஹொங்கொங்கில் ஏலமிடப்படவிருந்தன. அவை எங்கு, எப்போது, யாரால் எடுக்கப்பட்டன என்பது ஐயமற அறியப்பட்டிருந்தமையால் இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவிக்க முடிந்தது. ஏலம் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் மணிகள் இந்தியாவை அடைந்தன. கண்டி அரண்மனையிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்த லெவ்கே திசாவையின் பீரங்கி உட்பட ஆறு பொருள்கள் 2023இல் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்கு மீண்டமையும், அவை வந்த வழியைப் பழைய ஆவணங்கள்வாயிலாக ஆராய்ந்து தெளிந்ததன் விளைவே.

சட்டங்களும் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளெனக் கொண்டது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாளாகும். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம், அத்தகு பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்கும் அவற்றை வாணிகஞ் செய்வதற்கும் அனுமதி வேண்டுமென விதித்தது. ஆயினும், பதியப்படாத பொருளைச் சட்டம் காத்தல் அரிது. இருந்தது என்று காட்ட இயலாத ஒன்றை இழந்தோம் என முறையிடுவது எங்ஙனம்?

இவ்வினா மட்டக்களப்புக்கு மிக நெருங்கியது. வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பும் முடியும், வெற்றிலை வட்டாவும் படிக்கமும், சுண்ணாம்புக் கறண்டகமும் பாக்குவெட்டியும், கண்ணகையம்மன் கோயில்களிற் பேணப்படும் ஏட்டுச்சுவடிகளும், பன்புல்லால் இழைத்த பாய்களும் இவ்வூர்களின் கலைச்செல்வங்கள். இவற்றுட் பெரும்பாலானவை அரசவைக்கென ஆக்கப்பட்டனவல்ல. வீட்டிலும் களரியிலும் கோயிலிலும் புழங்கியவை. ஆதலின் அவற்றுக்குப் பட்டியல் வேண்டுமென எவருக்கும் தோன்றவில்லை. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியும், 1983 முதல் 2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வும், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளும் அடுத்தடுத்து இவ்விடங்களைத் தாக்கின. கல்லடியின் கடலோரப் பகுதிகளிலும் நாவலடியிலும் மனிதரே பெருந்தொகையாய் மாண்ட வேளையில், பெட்டகத்துள் இருந்தவை யாவை என எண்ணிப் பார்ப்பார் யார்? எஞ்சிய பித்தளையும் வெண்கலமும் வறுமையின் நிமித்தம் நிறைகணக்கில் விலைபோகுமாயின், அவற்றை விற்கும் ஏழையைக் குறைகூறுதல் நியாயமன்று. விற்கும் முன்னர் அவற்றின் பெயரையாவது எழுதிவைக்காத கற்றோரே அதற்குப் பொறுப்பாளிகள்.

பொருளைப் பதிதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. அதன் பெயர், அளவு, ஆக்கிய முறை, பயன்பட்ட இடம், முதியோர் அதைப்பற்றிக் கூறும் செய்தி ஆகியவற்றோடு ஒரு புகைப்படமும் இருந்தாற் போதும். ஏட்டுச்சுவடிகளை ஊரூராய்த் தேடிப் பதிப்பித்த வித்துவான் வீ. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலையும் 1968இற் கண்ணகி வழக்குரைப் பதிப்பையும் தந்து இதற்கு வழிகாட்டினார். அவர் ஏடுகளுக்குச் செய்ததை ஏனைய பொருள்களுக்கும் செய்தல் வேண்டும். கல்லடியிலேயே அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், ஊர்ப் பாடசாலைகள், கோயில் வண்ணக்கர்கள் ஆகியோர் கூடின், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பதிவேடு அமைத்தல் இயலாததன்று.

விபுலானந்தர் யாழை மீட்டமைக்குக் காரணம், இளங்கோவடிகளும் உரையாசிரியர்களும் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தமையே. தம் வீட்டு வட்டாவுக்கும் ஊர்க்களரியின் கூத்துமுடிக்கும் அத்தகைய ஏட்டினை எழுதிவைத்தல், முதியோர் உயிரோடிருக்கும் இக்காலத்தில் இளந்தலைமுறையினர் செய்யவேண்டிய முதற்கடமையாகும்.