ஒன்றரை மடங்கு

பல ஊர்களுக்குச் சென்று திரும்பும் விற்பனையாளருக்கு மிகக் குறுகிய வழி எது? ஊர்கள் பெருகப் பெருகக் கணினியும் திணறும் கேள்வி இது. தோராய விடை போதுமெனில் வழியுண்டு: குறுகிய தூரத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டாத பயணத்தை விரைவில் கண்டுவிடலாம். 1976இல் இதை நிறுவியவர் நிகோஸ் கிறிஸ்டோஃபிடெஸ் என்றே நாம் படித்துவந்தோம். அவ்வரம்பை மயிரிழையளவு குறைக்கவே 2020 வரை ஆயிற்று.

நோவோசிபிர்ஸ்க் நகரில் அனத்தோலி செர்த்யுகோவ் அதே முறையைத் தனித்தே கண்டிருந்தார். 1978இல் அச்சேறிய அக்கட்டுரை ரஷ்ய மொழியில் இருந்தது. மேற்குலகப் பாடநூல்கள் அவரை அறியவில்லை. கிறிஸ்டோஃபிடெஸின் கட்டுரையோ அன்று இதழெதிலும் வராத வெறும் ஆய்வறிக்கை! செர்த்யுகோவ் ஓயவில்லை. 1984இல், மிக நீண்ட பயணத்தைத் தேடும் தலைகீழ்க் கணக்கில், முக்கால் பங்குக்குக் குறையாத விடை தந்தார். இன்று அம்முறைக்கு இருவர் பெயரையும் சேர்த்தே பலர் வழங்குகின்றனர். செர்த்யுகோவ் 2001இலேயே மறைந்துவிட்டார்.