பாஸ்புக் வந்த வருஷம்

அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கொள்முதலில் தமிழ்நாடு முன்னோடி என்று பேசுகிறவர்கள் டெண்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். கவுண்டருக்கு உள்பக்கம் நின்று மருந்து கொடுத்தே ஓய்வுபெற்றவன் நான். என்னைக் கேட்டால் பாஸ்புக்கைத்தான் சொல்வேன்.

முன்பெல்லாம் மாத்திரை, ஆயிரம் கொண்ட டப்பாவில் உதிரியாக வரும். மழைக்காலத்தில் ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். ஈரம் பட்டால் அந்த மருந்து அப்படித்தான் சிதையும். எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். கம்பெனிப் பெயரும் காலாவதித் தேதியும் டப்பாவிலேயே தங்கிவிடும். இண்டெண்ட் போட்டால் கேட்டது வராது. கேட்காதது பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மாதக் கடைசியில், “ஸ்டாக் இல்லம்மா, வெளியில வாங்கிக்குங்க” என்பதுதான் எங்கள் வாய்ப்பாடு.

1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவானது. அதை உருவாக்கியதில் ஐ.ஏ.எஸ். அதிகாரி பூர்ணலிங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1995 ஜனவரியில் மருந்து வரத் தொடங்கியது. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல், அதுவும் பிராண்ட் இல்லாமல் மூலப்பெயரில். டெண்டருக்கு இரண்டு கவர்: தரத்தில் தேறிய கம்பெனியின் விலைக் கவரை மட்டும் பிரிப்பார்கள். மாத்திரை ஸ்ட்ரிப்பில் வந்தது, அரசு சப்ளை, விற்பனைக்கு அல்ல என்ற எழுத்தோடு. சாம்பிள், கம்பெனிப் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். ரிசல்ட் வரும்வரை சரக்கு கிடங்கை விட்டு நகராது.

பாஸ்புக்குக்கு வருகிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக்கு இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று எழுதிக் கொடுத்த புத்தகம் அது. மாவட்டக் கிடங்கில் சரக்கு எடுக்க எடுக்க, அதன் மதிப்பைக் கழித்து மீதியைப் போடுவார்கள். ரொக்கம் யார் கைக்கும் வராது. எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பது மட்டும் ஆஸ்பத்திரியின் பாடு. விலையுயர்ந்த ஊசி மருந்து கேட்கிற டாக்டரிடம், “சார், இதை இவ்வளவு எடுத்தா சர்க்கரை மாத்திரை மார்ச் வரைக்கும் தாங்காது” என்று மருந்தாளுநர் சொல்லலாம். பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் அவருக்கும் புரியும். செலவுக் கணக்கு கோட்டையிலிருந்து எங்கள் மேஜைக்கு இறங்கி வந்தது அப்போதுதான். ஆடிட்டுக்கு வந்தவர்கள் எங்களை இந்த அளவுக்கு யோசிக்க வைத்ததில்லை.

பிறகு கேரளம் இதே மாதிரி ஒரு கழகம் தொடங்கியது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்தே கொடுத்தது.

இதெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே. வெளியே காற்று எதிர்ப்பக்கம் வீசியது. 1979-ல் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த மூல மருந்துகள் 347. நாங்கள் புது ஸ்ட்ரிப்பைப் பிரித்துக்கொண்டிருந்த அதே 1995 ஜனவரியில் வந்த ஆணை அதை 70 சொச்சமாகக் குறைத்தது. எதிர்க் கடையில் அதே மாத்திரை என்ன விலைக்கு விற்றாலும் எங்கள் கழகம் கேட்க முடியாது. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த மாநிலம் 1997-ல் ஒரு சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல். சட்டம் வந்தபோது நான் சர்வீஸில் இருந்தேன். விதிகள் வந்தபோது பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தேன்.