கார்லக் ஏரியின் வண்டலும் சால்மன் மீன்பிடிப்பின் வரலாறும்

அலாஸ்காவின் தென்கரைக்கு அப்பால் உள்ள கோடியாக் தீவில், கார்லக் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், 1882ஆம் ஆண்டு மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை தொடங்கப்பட்டபோது, அலூட்டிக் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து உண்டுவந்த சாக்கை சால்மன் பெருவணிகச் சரக்காயிற்று. ஆற்றில் ஏறுவதற்காக முகத்துவாரத்தில் திரளும் மீன்களைக் கரைவலைகள் வளைத்து இழுத்ததில், 1890ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் பிடிப்பு 30 லட்சம் மீன்களைத் தாண்டியது. அந்த வளம் நீடிக்கவில்லை. ஏறிவரும் மீன்களை எண்ணுவதற்காக 1921இல் ஆற்றின் குறுக்கே வேலி அமைக்கப்பட்டது. 1924இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், வரும் மீன்களில் பாதியேனும் முட்டையிடத் தப்பிச்செல்ல வேண்டும் என்றது.

சட்டம் கணக்கில் கொண்டது தாய்மீன்களின் எண்ணிக்கையை மட்டுமே. 1926 முதல் 1930 வரை, ஆறு புறப்படும் கார்லக் ஏரியை ஆராய்ந்த சான்சி ஜூடே, வில்லிஸ் ரிச் முதலியோர் அதைவிட ஆழமான ஓர் இழப்பை ஐயுற்றனர். சாக்கை சால்மன் இளமையில் ஏரியில் வளர்ந்து, கடலுக்குச் சென்று, தன் உடல் எடையில் 95 விழுக்காட்டுக்கு மேல் அங்கேயே திரட்டிக்கொண்டு, பிறந்த நீருக்கே திரும்பி முட்டையிட்டு மடிகிறது. மடிந்த உடல்கள் அழுகும்போது வெளிப்படும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியை வளர்க்க, பாசியை மிதவை உயிரிகளும் அவற்றை மீன்குஞ்சுகளும் உண்கின்றன. எனவே முகத்துவாரத்தில் பிடிபட்ட ஒவ்வொரு மீனோடும் ஏரிக்கு வரவேண்டிய உரமும் டப்பாவுக்குள் போயிற்று. ஆயினும் நீரில் கரைந்த நைட்ரஜன் மீனிலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து வந்ததா என்று பிரித்துக் காட்டும் வழி அன்றைய வேதியியலில் இல்லை.

அவ்வழியைத் திறந்தவை நிலைத்த ஐசோடோப்புகள். ஒரே தனிமத்தின் அணுக்களாயிருந்தும் எடையில் வேறுபடுபவை ஐசோடோப்புகள். அவற்றுள் கதிரியக்கத்தால் சிதையாதவை நிலைத்தவை. நைட்ரஜனில் பெரும்பகுதி 14 என்னும் நிறை எண் கொண்டது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கு அணுக்களே சற்றுக் கனமான 15. உயிரினங்கள் கழிவில் இலேசான அணுவை மிகுதியாக வெளியேற்றுவதால், உணவுச்சங்கிலியில் ஒரு படி ஏறுந்தோறும் உடலில் நைட்ரஜன்-15இன் விகிதம் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பங்கு கூடுகிறது. மைக்கேல் டினீரோவும் சாமுவேல் எப்ஸ்டீனும் விலங்குகளுக்கு அறிந்த உணவைக் கொடுத்து, உணவின் நைட்ரஜன் விகிதம் உடலில் எவ்வாறு படிகிறது என்பதை 1981இல் வெளியிட்டனர். கடற்சங்கிலியின் மேற்படிகளில் உண்டு வளர்ந்த சாக்கை சால்மனின் விகிதம் காற்று நைட்ரஜனைவிட ஆயிரத்துக்கு ஏறத்தாழ 11 பங்கு மிகுதி. ஆகவே அதன் உடலிலிருந்து வந்த நைட்ரஜன் தன் கடல் பிறப்பை மறைக்க இயலாது.

தென்கிழக்கு அலாஸ்காவின் சாஷின் ஓடையில் தாமஸ் கிளைன் குழுவினர் இதைச் சோதித்து 1990இல் வெளியிட்டனர். அவ்வோடையில் ஓர் அருவி சால்மனைத் தடுக்கிறது; அருவிக்குக் கீழே, மீன் முட்டையிடும் பகுதியின் பாசியிலும் பிற உயிர்களிலும் கடல் நைட்ரஜன் தெளிவாகக் காணப்பட்டது, மேலே காணப்படவில்லை.

ஆனால் இம்முறையின் முழு வலிமை வரலாற்றுக்குப் பயன்பட்டபோதுதான் புலப்பட்டது. புரூஸ் ஃபின்னி தலைமையிலான குழு கார்லக் முதலிய கோடியாக் ஏரிகளின் அடியில் குழாயை இறக்கி வண்டலை அடுக்குக் குலையாமல் எடுத்தது. இத்தகைய ஆய்வில் வண்டலை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உலர்த்திப் பொடித்து, சிட்டிகையளவைச் சிறு தகரச் சிமிழில் மடித்து எரித்து, வெளிவரும் வாயுவின் அணுக்களை நிறை நிறமாலைமானியில் எடைவாரியாகப் பிரிப்பர். வண்டலில் நடக்கும் வேதிமாற்றங்களும் விகிதத்தைத் திரிக்கக்கூடும் என்ற தடை நியாயமானதே. அதனால்தான், அருவியின் தடையால் 1950களுக்கு முன் சால்மனே இல்லாதிருந்த ஃபிரேசர் ஏரி ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டது.

2000இல் வெளிவந்த முடிவு ஜூடேயின் ஐயத்தை உறுதிசெய்தது: வணிக மீன்பிடிப்பு பெருகிய பின் கடல் நைட்ரஜன் குறைந்தது, பாசி வளமும் அதனோடு சரிந்தது. தொழிற்சாலைகளுக்கு முந்தைய அடுக்குகளிலும் ஏற்ற இறக்கங்கள் இருந்தன; அவை தட்பவெப்ப மாற்றத்தோடு இணைந்தவை. 2002இல் அக்குழு இப்பதிவை 2,200 ஆண்டுகளுக்குப் பின்னோக்கி நீட்டியபோது, கி.மு. 100 முதல் கி.பி. 800 வரை சால்மன் அரிதாயிருந்ததும், கி.பி. 1200 முதல் 1900 வரை மிகுந்திருந்ததும் தெரியவந்தன. அந்த எழுநூறு ஆண்டுகளில் பெரும்பகுதி கார்லக்கில் மீன் பிடித்தவர்கள் அலூட்டிக் மக்களே. டப்பாத் தொழிற்சாலைகளின் கணக்கேடுகள் தொடங்குவதோ அக்காலத்தின் கடைசி இருபது ஆண்டுகளில்தான்.